சித்தப்பாவின் ஆல்பம் எங்கள் தெருவில் ஒலித்த நாள்

எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேர் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை, கொடி இறக்குவது திங்கட்கிழமை. சித்தியின் அண்ணன் சோரியாங்குப்பத்திலிருந்து குட்டியானை வண்டியோடு வந்தது அந்தத் திங்கட்கிழமை காலையில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருக் கம்பங்களில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களை அன்று மாலைதான் அவிழ்ப்பதாக இருந்தது. அவை இல்லாமல் அன்றைக்கு எதுவும் நடந்திருக்காது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

சித்தப்பா பிரான்சில் இருந்தார். ஒரு தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரத்தில் ஒரு பழைய இசைக்குழுவில் பேஸ் கிட்டார். குழுவில் அவரைத் தவிர எல்லாரும் தலை நரைத்தவர்கள். அவர்கள் வாசிப்பதற்கு ஃபங்க் என்று பெயர் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நெடுங்காலம் கழித்துப் புது ஆல்பம் போடுகிறார்கள், அது வந்ததும் சித்தியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். குழந்தையின் ஞானஸ்நானத்தை அவருக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டோம். தொழிற்சாலையில் லீவு தரவில்லை என்றார். மூன்றாம் முறை பங்குச் சாமியார் கோபித்துக்கொண்டதால் அவர் இல்லாமலே நடந்தது.

சித்தியின் அண்ணனுக்கு இதில் எதிலும் நம்பிக்கையில்லை. கிட்டாரும் கிடையாது, ஆல்பமும் கிடையாது, அவன் ஏதோ ஓட்டலில் தட்டு கழுவுகிறான் என்பது அவர் கட்சி. தங்கையையும் அவளுக்குச் சீராகக் கொடுத்த பீரோவையும் கட்டிலையும் ஏற்றிப் போக வந்திருந்தார். பீரோவோடு போகிற பெண் சுலபத்தில் திரும்பி வர மாட்டாள் என்பது எனக்கே தெரியும்.

ஆனால் முந்தின நாள் தேர்க்கூட்டத்தில், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் சித்தப்பா கொடுத்தனுப்பிய சிடியை அப்பாவின் கையில் கொடுத்திருந்தார்.

"கேட்டுட்டு அப்புறம் பேசு மச்சான்" என்றார் அப்பா.

"அவன் வாசிக்கறத என் காதால கேட்டா வண்டிய திருப்பிக்கினு போயிடறேன். போதுமா?"

வீட்டுக்குள் கேட்பது அப்பாவுக்குப் போதவில்லை. ஊரே கேட்க வேண்டும் என்று, வில்லியனூரிலிருந்து வந்திருந்த மைக்செட்காரர் பாயிடம் சிடியைக் கொடுத்தார். மூன்று நாளாக மாதா பாட்டுப் பாடிய கூம்புகள் இப்போது வேறு ஏதோ பாடின. தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு ஓசை, நிறைய ஊதல், ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தும் ஒரு பெண்குரல். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். ஒரு பாட்டு முடிந்தே போய்விட்டது என்றார்கள்.

"இதுல உன் தம்பி எங்கய்யா?"

"அதோ, அந்த ஊதறது…"

"கிட்டாருன்னு சொன்ன?"

"இன்னொரு பாட்டு போடு பாய்."

மூன்று பாட்டுகள் ஆயின. சித்தப்பா எதிலும் இல்லை. "ஊமை வாத்தியம் வாசிக்கிறான்போல" என்றார் சித்தியின் அண்ணன். தெரு சிரித்தது. சித்தி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "நல்லா கேளுண்ணா, எங்கியாவது இருக்கும்" என்றாள்.

பாய்தான் கடைசியில் கேட்டார்: "இன்னா கிட்டாரு அது?" "பேஸு" என்றார் அப்பா. "நாலு தந்தியா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா? கூம்புல அந்த மாதிரி கனமான அடிச்சத்தம் வராதுபா. பாக்ஸுதான் வேணும்."

தன் வேனிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இறக்கி, எங்கள் வாசலில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டார்.

சித்தப்பா வந்துவிட்டார். வேறெப்படிச் சொல்வது? தரை அதிர்ந்தது. குட்டியானையின் பின்கதவுச் சங்கிலி தானாக ஆடியது. என் வயிற்றுக்குள் யாரோ குதித்துக் குதித்து நடந்தார். சித்தி கிட்டே போய்ப் பெட்டியின் முன்பக்க வலைமேல் உள்ளங்கையை வைத்தாள். "அவுருதான்" என்று சிரித்தாள்.

"சரி, இருக்கான். ஒத்துக்கறேன்" என்று சித்தியின் அண்ணன் டிரைவரைப் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார்.

அந்த வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது. எங்கள் கான்வென்ட்டில் பிரெஞ்சுப் பாடம் உண்டு. சிடி உறைக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்து, சித்தப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தேன். அப்பா என் தலையைத் தடவினார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மாதங்களின் பெயர்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒரு கடற்கரை ஊர்ல தங்கி வாசிச்சாங்களாம் சித்தி. போன வருஷம் ஜூலை, ஆகஸ்ட், ரெண்டு மாசம்!"

"ஜூலையா? ரெண்டு மாசமும் லீவா?"

"ஆமா. நம்ம பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கூட அப்பத்தான்!"

தேதிகள் இப்படிப் பொருந்தியதில் எனக்கு ஒரே பெருமை. சித்தி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பெட்டி அதிர்ந்துகொண்டேயிருந்தது, அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, பீரோவ ஏத்து."

"இப்பதானேம்மா கேட்டுச்சு!" என்றார் அப்பா.

"கேட்டுச்சு மாமா. நல்லா வாசிக்கிறாரு."

பாய் பாட்டை நிறுத்தினார். பீரோவைத் தூக்க இரண்டு பேர் உள்ளே போனார்கள். அப்பா தடுக்கவில்லை. சித்தியின் அண்ணன் கட்டிலைக் கயிற்றால் கட்டினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சித்தப்பா வாசித்தது கேட்டது, பெயர் இருந்தது, ஊரே ஒப்புக்கொண்டது. அம்மாவிடம் கேட்டேன். "வாய மூடுடி" என்றாள்.

தாளை மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன். அத்தனை சத்தத்தில் சித்தியின் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. வண்டி கிளம்பியதும் தாளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினேன். டிரைவருக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த சித்தி தெருமுனையில் திரும்பிப் பார்க்கும்வரை, "ஜூலை, ஆகஸ்ட்! ஜூலை, ஆகஸ்ட்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.