கதவைச் சாத்திப் பரிமாறியவள்

எங்கள் தந்தையார் மறைந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. மூத்த மகள் என்ற முறையில் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான். இவன் ஏன் இதை என் தலையில் கட்டுகிறான் என்று உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. என் குணம் அப்படி. உறவினர் எல்லோரும் அறிந்ததுதான்.

தந்தையார் புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, அடுத்தவர் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்து வளர்ந்தார். மழை பொய்த்த ஆண்டுகளிலும் ஒருவரிடம் கை நீட்டியதில்லை. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். களியும் குழம்பும் உண்டாலும் முழங்கையில் ஒரு சொட்டு வழியாது. விருந்தில் நாங்கள் யாராவது சிந்திவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அதோடு எங்கள் பசி அடங்கிவிடும்.

யுத்த காலத்தில் எங்கள் தாயார் காலமானார். அதன்பின் நான் ராசிபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு தந்தையாரைப் பார்க்க வருவேன். கடைசி வருஷம் அந்த வீட்டில் ஒரு புது வழக்கத்தைக் கண்டேன். சாப்பாட்டு நேரம் வந்தால் தம்பி மனைவி வட்டிலோடு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மாமனார் எதிரே நிற்கவே கூசிய மருமகள்! வெளியே வரும்போது முந்தானைக்குள் ஒரு துணிச்சுருள் இருக்கும். நேரே கிணற்றடிக்குப் போய், யாரும் வருமுன் கசக்கிவிடுவாள்.

"என்ன அம்மிணி அது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க நங்கை, பழந்துணி" என்றாள். நாத்தனாரான என்னை அவள் அப்படித்தான் முறை சொல்லி அழைப்பாள். ஒன்றுமில்லாததற்கு முந்தானை எதற்கு?

தந்தையாரோ என் கையால் ஒரு வாய் நீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. "வெச்சுட்டுப் போ சாமி, அப்பறமா குடிச்சுக்கறேன்" என்பார். முடிவு கட்டிவிட்டேன். சோற்றில் மருந்து வைத்து அவரை வசியம் செய்துவிட்டாள்! ஒருநாள் அந்தத் துணியைக் கைப்பற்றி, பழுப்புக் கறையை என் கணவரிடம் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "களி வாசந்தான் புள்ள அடிக்குது" என்றார். இவருக்கும் வைத்துவிட்டாளோ என்று அடுத்த சந்தேகம். உறவினர் வீடு வீடாகப் போய்க் கண்ணீரோடு சொல்லி வைத்தேன். இதை வாசிக்கும் உங்களில் பலர் அதைக் கேட்டவர்கள்தாம்.

பிறகு அங்கேயே தங்கி, இனி நடுவீட்டில் எல்லோர் முன்னிலையிலும்தான் சாப்பாடு என்று உத்தரவு போட்டேன். தந்தையார் வட்டிலைத் தொடவில்லை. பசியில்லை என்றார். இப்படி மூன்று நாள். வசியம் முறிகிறது என்று நான் மகிழ்ந்தேனே, பாவி! நான்காம் நாள் காலை, நான் தோட்டத்துக்குப் போய்விட்டதாக நினைத்து அவள் வட்டிலோடு உள்ளே போனாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

அவள் தந்தையாரின் மடியில் துணியை விரித்தாள். களியை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக் குழம்பில் நனைத்து வைத்தாள். பிறகு அவருக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எருமை கன்று போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். தந்தையாரின் கை உதறியது. உருண்டைகள் வாய்க்குப் போகும் வழியில் மார்பிலும் மடியிலும் விழுந்தன. மூன்று நாள் பசி அவருக்கு. அவள் திரும்பவே இல்லை.

"இன்னும் இருக்குதுங்க மாமா, மெதுவா சாப்பிடுங்க" என்று சுவரைப் பார்த்தே சொன்னாள்.

"மூத்தவ மட்டும் என்னைய இப்படிப் பாத்தறக் கூடாது கண்ணு. அவகிட்டச் சொல்லிப்போடாதே" என்றார் தந்தையார்.

கதவை விட்டு ஓசைப்படாமல் விலகினேன். அவரிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல், என் உத்தரவை அன்றே விலக்கிக்கொண்டேன். கிணற்றடியில் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஊரெல்லாம் நான் பேசுனது உன் காதுல உழுந்துதா?"

"உழுந்துச்சுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மிணி!"

"சொன்னா மாமாவோட மானம் போயிருமுங்க. எம் பேருதானுங்க, போனாப் போகுது."

அதன்பின் ஏழு மாதம் தந்தையார் இருந்தார். ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. நோயில் வந்து பார்த்த வைத்தியருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தம்பி மனைவிக்குத் தெரிந்தால் தடுப்பாள் என்பதால், அவளுக்குச் சொல்லாமலேயே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். நான் அவளைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட வீடுகளில் இதைச் சத்தமாக வாசிக்க வேண்டுகிறேன்.

ஐயா, நீங்கள் மறைக்கச் சொன்னதை ஊரறியச் சொல்லிவிட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள். அவள் இந்த உறவுகளுக்கு நடுவில் இன்னும் வாழ வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள்.