படிவத்திலிருந்து எடுக்கப்பட்ட மூளை

மேரி தன் மகள் ஜெனிபரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, நான் துணை சுகாதார நிலையச் சுவரில் 'நூறு சதவீதம் தடுப்பூசி போட்ட கிராமம்' என்ற சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தேன். கிராம சுகாதாரச் செவிலியராக எனக்கு அது இருபதாவது வருடம். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்ற நேரம்.

"மூணு நாளா காய்ச்சல் சிஸ்டர். இன்னிக்கு என்னையே யாருன்னு பாக்குறா."

சொல்லி முடிப்பதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஏழு வயது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ வரவழைத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். பிறகு அவளுடைய தடுப்பூசிப் பதிவைத் தேடினேன். மூளைக்காய்ச்சல் ஊசியின் இரண்டாவது தவணைக்கான கட்டம் காலியாக இருந்தது. ஆனாலும் எங்கள் ஊர் நூறு சதவீதம்தான்.

வாராந்திர ரிப்போர்ட்டில் 'மூளைக்காய்ச்சல் - சந்தேகம்' என்று எழுதினேன். மறுநாள் காலையே வட்டார மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"என்ன சிஸ்டர் இப்படி எழுதியிருக்கீங்க?"

"பாத்ததைத்தான் எழுதினேன் சார்."

"வியாழக்கிழமை ரிவியூ மீட்டிங். நம்ம வட்டாரத்துல ரெண்டு வருஷமா ஒரு கேஸ்கூட இல்லைன்னு 'நில்' ரிப்போர்ட் போகுது. காய்ச்சல் இருக்கட்டும், மூளையை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். ஒரு சொல்லை அடித்ததும் அது சாதாரணக் காய்ச்சலாகிவிட்டது. சாதாரணக் காய்ச்சலுக்கு ஜீப் வராது. கொசு பிடித்துப் பார்க்கும் குழு வராது. ஊசி விட்டுப்போன பிள்ளைகளை யாரும் தேடமாட்டார்கள். மீட்டிங்கில் எங்கள் வட்டாரத்துக்குப் பாராட்டு கிடைத்தது. சார் போனிலேயே எனக்கு நன்றி சொன்னார்.

ஒன்பதாம் நாள், அடுத்த தெரு கவினைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வயது. கழுத்தை மடக்க முடியவில்லை. அவனையும் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். அன்று மாலையே ஜெனிபரின் பரிசோதனை முடிவு வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

இந்த முறை இரண்டு பெயரையும் எழுதி, நேராக மாவட்ட அலுவலகத்துக்கே ஒரு பிரதி அனுப்பினேன்.

"என்னைக் கேக்காம அனுப்பிட்டீங்களே!" என்று சார் கத்தினார்.

"மூளையோடதான் அனுப்பியிருக்கேன் சார்" என்றேன்.

மறுநாள் மூன்று ஜீப் வந்தது. மெயின் ரோட்டில் புகை மருந்து அடித்தார்கள். புகை நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து சார் நின்றுகொள்ள, போட்டோ எடுத்தார்கள். மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஜெனிபரின் அப்பா ஆரோக்கியசாமி, இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிராக்டர் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"ஏன் சார், காய்ச்சல் ரோட்டுக்கா வந்துச்சு? கொசு நட்ட வயல்ல இருக்கு. பன்னிக் கொட்டாயைச் சுத்தி இருக்கு."

"ஜீப்பு வயல்ல இறங்காதுப்பா" என்றார் சார்.

ஜீப் இறங்காவிட்டாலும் நான் இறங்கினேன். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக வீடு வீடாகப் போனேன். நூறு சதவீத கிராமத்தில் பதினான்கு பிள்ளைகளுக்கு ஊசி பாக்கி இருந்தது. அந்த வாரமே போட்டு முடித்தோம். கொசு இந்தக் காய்ச்சலைப் பன்றியிடமிருந்தும் எடுத்துவரும் என்பதால், பன்றிக் கொட்டகைகளைக் குடியிருப்பை விட்டுத் தள்ளிப் போடவைத்தோம். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாருக்கும் வரவில்லை.

நாற்பது நாள் கழித்து ஜெனிபர் வீட்டுக்கு வந்தாள். வலது கை மடங்கியே இருந்தது. பேச்சு நின்று நின்று வந்தது. கவின் பிழைத்துக்கொண்டான், நடைதான் தள்ளாடியது. நான் மேரியிடம் போய், ரிப்போர்ட்டை மாற்றி எழுதியதைச் சொன்னேன்.

அவள் வெகுநேரம் மகளின் விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே சரியா எழுதியிருந்தா எம்புள்ள கை நல்லாயிருந்திருக்குமா?"

"இல்ல மேரி. இவளுக்கு அதுக்குள்ள வந்துடுச்சு. கவினை ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அந்த வீட்டுக்குப் போயி சொல்லுங்க சிஸ்டர்."

போனேன். மேரியிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னேன். கவினின் அம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, பார்த்ததை எழுதுங்கள். சாரின் கோபம் அடுத்த மீட்டிங்கோடு தீர்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை என்பதால், அந்தக் கதவை நான் ஓய்வுபெறும் வரை மாதம் ஒருமுறை தட்ட வேண்டியிருந்தது.