சாட்சிப் பட்டியலில் அப்பா

‘ஜீப் ஓட்டிய போலீஸ்காரர், தமிழ் பேசுபவர்’ என்று மலையாளத்தில் தட்டச்சு செய்து முடித்ததும் என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொத்தனார், நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்று நினைத்து, வலது காதை என் பக்கம் திருப்பினார். இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். அவருடைய ஊர் தென்காசிப் பக்கம். பதினைந்து வருஷமாகத் திருவனந்தபுரத்தில் பூச்சு வேலை செய்கிறவர். பக்கத்தில் அவர் மனைவி, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு துணிப்பையில் வைத்து மடியில் அணைத்தபடி இருந்தார். அவர்கள் சொன்ன போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் பேசும் டிரைவர் ஒரே ஒருவர்தான். அவர் என் அப்பா.

திருவனந்தபுரம் வலியசாலையில் நான் அப்போதுதான் அந்தத் தட்டச்சுக் கடையைத் தொடங்கியிருந்தேன். தமிழில் சொன்னால் மலையாளத்தில் எழுதித் தருவாள் என்று கேள்விப்பட்டு, கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள் என்னைத் தேடி வருவார்கள். வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சேர்க்கை, இப்படித்தான் வேலை இருக்கும். போலீஸ் மேல் புகார் எழுதித் தரச்சொல்லி வந்தவர்களில் அந்தக் கொத்தனார்தான் முதல் ஆள். அப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க ஓர் ஆணையம் இருக்கிறது என்பதும், அதற்கு வக்கீல் கட்டாயமில்லை என்பதும், நடந்ததை எழுதி, உண்மை என்று சத்தியம் செய்த பத்திரத்தையும் டாக்டர் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கே தெரிய வந்தது.

நடந்தது இதுதான். அவர் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த வீட்டில் முதலாளியின் போன் காணாமல் போனது. போலீஸ் வந்து இவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஏதோ கேட்டார், இவர் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓர் அறை விழுந்தது. மாலையில் போன் முதலாளியின் கார் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்தது. போகச் சொன்னார்கள். காதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். அதைச் சொல்ல ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போனபோது, நீ இங்கே வந்ததே இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் இல்லை, கேமரா வேலை செய்யவில்லை.

“அடிச்சதக்கூட விட்டுருவேம்மா. நான் வரவே இல்லன்னு சொல்லுதாவ. அதத்தான் தாங்க முடியல” என்றார்.

யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். மனைவிதான் அவருக்கு நினைவூட்டினார். அடி விழுந்த பிறகு ஜீப் ஓட்டியவர் வந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார். தன் கைக்குட்டையைக் கொடுத்துக் காதைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார். எந்த ஊர் என்று தமிழில் விசாரித்திருக்கிறார். நான் அதைத் தட்டச்சு செய்துவிட்டுத்தான் நின்றுபோனேன். கொத்தனார் என் முகத்தைப் பார்த்து வேறு விதமாகப் புரிந்துகொண்டார். “அவியளச் சேத்தா அவியளுக்கு எதும் தொந்தரவு வருமோ? வரும்னா எடுத்துருங்கம்மா. தண்ணி குடுத்த மனுசன்” என்றார். நாளைக்கு வாருங்கள், சரிபார்த்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த டிரைவர் என் அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துக்காரர். முப்பது வருஷம் போலீஸ் வண்டி ஓட்டியவர். வீட்டில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், சட்டைப் பொத்தானைக் கழற்றிய கையோடு கட்டிலில் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாயா ஆறிப்போனது. அன்றைக்கு எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

அன்று மாலை அவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னதையும் சொன்னேன். அதை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா உள்ளேயிருந்து, “எட்டு மாசம்தானே இருக்கு. அவரே வேண்டாம்னு சொன்ன பொறவு நமக்கு என்னத்துக்கு? வாய மூடிட்டு இருந்தா போராதா?” என்றாள். அப்பா கையிலிருந்த கிழங்கை முழுதாக உரித்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார். அதையும் உரித்தார்.

“எந்த காது?” என்று கேட்டார்.

“இடது காது.”

“கேக்குதாமா?”

“இல்லை.”

பிறகு கத்தியைக் கீழே வைத்தார். “அப்பாக்க பேரையும் நம்பரையும் எழுது மக்களே. தமிழ் பேசுகவன்னு மட்டும் எழுதினா யாருன்னு அவங்க தேடிட்டு நிக்கணும்.”

மறுநாள் கொத்தனாரிடம் உண்மையைச் சொன்னேன். வேறு இடத்தில் எழுதிக்கொள்வதானாலும் சரி என்றேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவிய மவளா நீங்க?” என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். புகார் என் கடையிலிருந்தே போனது.

ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போனதும் வீட்டுக்கு ஆள் வந்தது. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், அப்பாவோடு எத்தனையோ நாள் ஒன்றாகச் சாப்பிட்டவர். அன்றைக்கு வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது என்று சொன்னால் போதும், “அத்ரயே உள்ளூ சேட்டா”, அவ்வளவுதான் அண்ணா, வேறொன்றும் வேண்டாம் என்றார். அப்பா அவருக்குச் சாயா போட்டுக் கொடுக்கச் சொன்னார், அவருடைய மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், கேட்டுக்கு வெளியே வரை போய் வழியனுப்பினார். அந்த விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே அப்பாவுக்கு மலையோரத்து வித்துரா ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது.

விசாரணை நாளன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்திருந்தேன். ஒரு நீள மேசை, மேலே சத்தம் போடும் மின்விசிறி, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அவ்வளவுதான். எஸ்.ஐ. ஒரு ஓரத்தில் பைலோடு உட்கார்ந்திருந்தார், எதிர்ப்பக்கம் கொத்தனாரும் மனைவியும். அப்பா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சீருடை இல்லாமல் அப்படி ஓர் இடத்தில் பார்க்கும்போது அவர் தோள்கள் இவ்வளவு ஒடுங்கியவை என்பது எனக்குப் புதிதாக இருந்தது. முப்பது வருஷம் மலையாளத்திலேயே வேலை பார்த்தவர், எழுந்து நின்று, “தமிழ்ல சொல்லலாமா சார்? அவருக்கும் புரியட்டும்” என்று கேட்டார். இந்த ஊரில் பலருக்கும் போல நீதிபதிக்கும் தமிழ் கேட்டால் புரியும். தலையசைத்தார்.

“நான்தான் வண்டி ஓட்டினேன் சார். இவரை ஏத்திட்டு வந்தோம். எஸ்.ஐ. சார் அடிச்சதை நான் பாத்தேன்” என்றார் அப்பா. அதோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் உட்காரவில்லை. மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். “வாசல்ல நிண்ணேன் சார். கை ஓங்கினதும் தெரிஞ்சுது. ஒரு எட்டு முன்னால வச்சிருந்தா பிடிச்சிருக்கலாம். வைக்கல. இவரு எழுதிக் குடுத்ததுல நான் தண்ணி குடுத்தது மட்டும்தான் இருக்கு. பாத்துட்டு நிண்ணதையும் அதுல சேத்துக்கிடணும்.”

கொத்தனாரின் மனைவி பதறி எழுந்துவிட்டார். “ஐயா, அவியள எழுதாதீங்க ஐயா! அவிய ஒண்ணும் செய்யல!”

அப்பா அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். “அதைத்தான் அம்மா நானும் சொல்லுகேன். ஒண்ணும் செய்யல.”

 நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அவமானமாக இருந்ததா, பெருமையாக இருந்ததா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் ஓடிப்போய் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்ய வேண்டும் போல இருந்தது. பின்பக்கம் மடிந்து கிடந்தது.

உத்தரவு வர மாதங்கள் ஆயின. அடித்தது நிரூபணமாகியிருக்கிறது என்றும், எஸ்.ஐ. மேல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. தடுக்கத் தவறியதாக அப்பாவைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. அதற்காக அவருக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். எஸ்.ஐ. வேறு ஸ்டேஷனுக்குப் போனார். நடவடிக்கை எந்த அளவுக்குப் போனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொத்தனாரின் காதும் திரும்பவில்லை. உத்தரவை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அன்றைய தேதியில் அவர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரப்பட்டார் என்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். “வந்தேன்னு எழுதிட்டாவல்லா” என்றார். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார்.

அப்பாவின் ஓய்வு நாள் வித்துராவில் கழிந்தது. முப்பது வருஷம் கூட இருந்தவர்களில் யாரும் வரவில்லை. அவரைச் சில மாதங்களே அறிந்த ஏழெட்டுப் பேர் சாயாவும் பழம்பொரியும் வைத்து, ஒரு சால்வை போர்த்தினார்கள். கொத்தனாரும் மனைவியும் இரண்டு பஸ் மாறி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே தயங்கி நின்றார்கள். மறுபடியும் ஒரு ஸ்டேஷனுக்குள் நுழைய அவருக்குக் கால் வரவில்லை. அப்பா சால்வையோடு எழுந்து வெளியே போனார். ரோட்டோரச் சாயாக்கடை பெஞ்சில் அவரும் கொத்தனாரும் உட்கார்ந்தார்கள். முதலில் கொத்தனாரின் இடப்பக்கம் உட்கார்ந்த அப்பா, சட்டென்று எழுந்து சுற்றிப்போய் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அப்பா போய் மூன்று வருஷமாகிறது. கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது அப்படிப்பட்ட புகாரோடு வருகிறார்கள். இப்போது படிவம் எனக்கு மனப்பாடம். சாட்சிகள் என்ற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன். எந்தப் பெயருக்குப் பின்னால் எந்த வீடு இருக்கிறதோ, யார் அங்கே உட்கார்ந்து கிழங்கு உரிக்கிறார்களோ.

ஓய்வு நாளன்று வித்துராவிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை அப்பாவிடம் சொன்னேன். “அன்னைக்கு அந்த வரியை எடுத்துரச் சொல்லுவீங்கன்னுதான் நான் நினைச்சேன்.”

அப்பா சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சிரித்தார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன் மக்களே” என்றார்.