அத்தைக்கு அது விடியற்காலை

என் கணவருக்குப் போட்டோ எடுக்க வராது. பெங்களூர் லால்பாக்கில் என்னை நிற்க வைத்து எடுத்த படத்தில் என் தலை இருக்காது. பின்னால் நின்ற ஐஸ்கிரீம் வண்டி மட்டும் பளிச்சென்று இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கம்பெனி மங்களூர் துறைமுகத்துக்கு மாற்றியதுதான் தாமதம், பெரிய கலைஞர் ஆகிவிட்டார். தினமும் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சூரியன் வந்து விழும். கப்பலுக்குப் பின்னால் சூரியன், கிரேனுக்கு நடுவில் சூரியன், கடலில் பாதி முங்கிய சூரியன்.

“எப்படி இருக்கு?” என்று கேட்பார். “நேத்து மாதிரியே இருக்கு” என்று பதில் போடுவேன்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அங்கேயே இருந்துவிடுகிறீர்களா, பெங்களூருக்குத் திரும்புகிறீர்களா என்று கம்பெனியில் கேட்டு, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். இவரானால் “யோசிக்கறேன்” என்கிறார். யோசிக்கிற லட்சணம்தான் தெரிகிறதே! இங்கே பெங்களூர் தொம்மலூரில் மாமியாரும் நானும் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்க, இவர் அங்கே கடல் காற்று வாங்குகிறார். போயும் போயும் சூரியனா எனக்குச் சக்களத்தி என்று பற்றிக்கொண்டு வந்தது. வா என்று கூப்பிடவும் ரோஷம் விடவில்லை.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். மெட்ராஸில் கடல்மேல் சூரியன் தெரிந்தால் அது காலை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. காலைக் காபியோடுதான் போனையும் திறப்பார். “எம்புள்ள எவ்ளோ சீக்கிரம் எழுந்துக்கிறான் பாத்தியா?” என்பார். நானும் “ஆமா அத்தை, பொறுப்பு வந்துடுச்சு” என்று சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் போன் செய்தார். அத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

“ஏன்டா, இங்க இருந்தப்போ எட்டு மணிக்கு எழுப்புனாக்கூட எழுந்துக்க மாட்டே. அங்க தினமும் இருட்டோட எழுந்து கடலாண்ட போய் நிக்கறியே, உனக்குத் தூக்கம் வரலையாடா?”

விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஆமாம்மா, வரல” என்றார். “வேலை முடிஞ்சா ரூமுக்குப் போகவே பிடிக்கல. அதான் அங்க போய் நிக்கறேன். இவளும் ஒரு தடவைகூட வான்னு சொல்லல.”

அத்தை கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

“வாங்க” என்றேன். “இங்கயும் சூரியன் விழுதுதான், எதிர்வீட்டு டேங்குக்குப் பின்னாடி. வந்து எடுங்க.”