பலாவும் சந்தன வேம்பும்

ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் சின்ன வகுப்பு டீச்சராக இருந்தபோது, எங்களோடு ஓர் அமெரிக்க டீச்சரம்மா வேலை செய்தார். அவரிடம் உகுலேலே என்றொரு சின்ன வாத்தியம் இருந்தது. நான்கே தந்தி. கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வாசிக்கலாம். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர அதை என்னிடம் கொடுப்பார். இரண்டு வருஷம் அது பாதி என்னுடையதாகவே இருந்தது. பிறகு அவர் தம் ஊருக்குக் கப்பலேறினார். வாத்தியமும் போயிற்று.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் என் இடது கை விரல்கள் இல்லாத தந்தியை அழுத்திக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் கவனித்திருக்கிறார். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றை என் முன்னே விரித்தார். டீச்சரம்மா புறப்படுவதற்கு முன்பே அவரிடம் கேட்டு, வாத்தியத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அளவெல்லாம் குறித்து வைத்திருந்தார்.

“மேல்விஷாரத்துல சிதார் ரிப்பேர் பண்ற மேஸ்திரி ஒருத்தர் இருக்கார். செஞ்சி தர்றேன்றார். மரத்த மட்டும் நீ வந்து எடுக்கணுமாம்” என்றார்.

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா தங்கச்சி, சிதார் குட்டி போட்டாப்பல இருக்குது” என்றார். பிறகு தேக்கு, தோதகத்தி, பலா, சந்தன வேம்பு என்று பலகைகளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்.

என் வீட்டுக்காரருக்குத் தோதகத்திமேல் ஆசை. அந்தக் கருஞ்சிவப்பில் மனம் போய்விட்டது. மேஸ்திரி ஒவ்வொரு பலகையாகத் தொங்கப் பிடித்து விரல் முட்டியால் தட்ட, நான் கண்ணை மூடிக் கேட்டேன். தோதகத்தி கணீரென்று ஒலித்தது, பெரிய சபையில் பேசுகிறவர் மாதிரி. பலா அப்படியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. சின்னப் பிள்ளைகளோடு பாட அதுதான் சரி என்று தோன்றியது. தந்திக்கு அடியில் வரும் முகப்புக்கு, கனம் குறைந்த சந்தன வேம்பு. தட்டியதும் உடனே பதில் சொன்னது அதுதான்.

“அப்ப பலாவே இருக்கட்டும்” என்று என் வீட்டுக்காரர் தோதகத்தியை மனசில்லாமல் கீழே வைத்தார். வைத்துவிட்டு, நான் தேர்ந்த பலாப்பலகையைக் கட்டைவிரலால் நீளத்துக்கும் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. “பாய், இங்க உள்ளார வெடிப்பு இருக்குது.”

“நல்ல மரம் சார். பேஜார் ஒண்ணும் கெடையாது” என்றார் மேஸ்திரி. இருந்தாலும் அந்த இடத்தில் இழைப்புளியை இரண்டு தரம் ஓட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் தெரிந்தது. அவர் சிரித்துவிட்டார். “தங்கச்சிக்குக் காது, உங்களுக்கு விரல். நான் இன்னாத்துக்கு?” என்று சொல்லி, அதே மரத்தில் அறுத்த வேறொரு பலகையை எடுத்து வந்தார். தட்டிக் கேட்டேன். பலகையின் குரல் மாறவில்லை.

விரல் அழுத்தும் பட்டைக்கு மட்டும் தோதகத்தி போடச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

மழைக்காலம் முடிந்து வாத்தியம் வந்தது. மெத்தென்ற ஆட்டுத்தோலில் சுற்றி என் வீட்டுக்காரரே கொண்டுவந்தார். டீச்சரம்மாவுடையதைவிடச் சற்றுக் கனம். ஆட்டு நரம்புத் தந்திகள் ஒரு வாரம் சுருதியில் நிற்காமல் என்னைப் படுத்தின. நின்ற பிறகு வந்த ஓசையைக் கேட்டு நான் அழுதேன். அவர் பதறிப்போய், “சரியில்லயா? மாத்திடலாமா?” என்றார்.

“சரியா இருக்குது. நீங்க ஒக்காருங்க” என்றேன்.

அவருக்கும், நான்கு தந்தியும் இசைந்து ஒலிக்கும் ஒரு சுரக்கட்டு சொல்லிக்கொடுத்தேன். அதற்கு ஒரு விரலே போதும். அதற்குமேல் அவர் கற்கவேயில்லை. நான் வாசித்துப் பாடுவேன். பாட்டில் அந்த இடம் வரும்போது என் விரல்கள் விலகும், அவர் விரல் வந்து அழுத்தும். அவர் அழுத்தி முடிக்கும்வரை பாட்டு கொஞ்சம் காத்திருக்கும்.