மேசைகளை ㄷ போல வைத்த சனிக்கிழமைகள்

"அறையிலுள்ள மேசைகளை இடம் மாற்ற விரும்புவோர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்." நாங்கள் குடிபெயர்ந்து வந்த பார்க்டேலில் எங்கள் ஆங்கில வகுப்பு நடந்த சமூக நிலையத்தின் விதி இது. கதவிலேயே ஒட்டியிருந்தது. படித்தவன் நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்கு அந்த வகுப்பு தேவையில்லை; ஊரில் அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். மனைவிக்குத் துணையாகப் போனேன். அவளுக்குக் காது மந்தம். டொக்டரிடம் தனியே போய்த் தன் வருத்தத்தைத் தானே சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

"நெஞ்சு எரியுதெண்டு நான் சொன்னால், நீங்கள் அவருக்கு அறிக்கையெல்லோ வாசிக்கிறியள்."

வாயசைவைப் பார்த்தால்தான் அவளுக்குப் பேச்சு பிடிபடும். மேசைகளோ வரிசை வரிசையாகக் கிடந்தன. பின்னால் இருந்தால் முதுகுகள் மட்டும் தெரிந்தன. முன்னால் இருந்தால் பதில் சொல்பவர்கள் முதுகுக்குப் பின்னால். வகுப்பை விடப்போவதாகச் சொல்லத் தொடங்கினாள்.

இதைக் கவனித்தவர் எங்களோடு படித்த ஒரு கொரியப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு சனிக்கிழமை கரும்பலகையில் ㄷ என்று எழுதி, "திகுத்" என்றார். அவர்களுடைய மூன்றாவது மெய்யெழுத்து. சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும் நடுவில் மென்மையாகவும் ஒலிக்கும். நம்முடைய த பார்க்கிற அதே வேலை. முற்றத்தை மூன்று பக்கமும் சூழ்ந்த வீட்டைத் திகுத் வீடு என்பார்களாம். அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே மேசையை இழுத்தார்.

"அண்ணை, உது எங்கடை ப எல்லே?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "பனியிலை வழுக்கி விழுந்து கிடக்குது."

மேசைகள் ㄷ ஆனதும் எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்தோம். அன்று மனைவி இரண்டு வசனம் பேசினாள்.

நான்தான் விதியைச் சுட்டிக்காட்டினேன். வரைபடத்துடன் விண்ணப்பம் எழுதி, பிரதி வைத்துக்கொண்டு, கையளித்தேன். பதில் வரும்வரை மேசைகளைத் தொடக்கூடாது என்றும் சொன்னேன். பரிசீலனையிலுள்ள விடயத்தில் முந்திக்கொள்வது முறையல்ல.

பத்து வேலை நாட்கள் கழிந்தன. நினைவூட்டல் எழுதினேன். தபால் வராது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமையும் தபால்பெட்டியைத் திறந்தேன். இரவுச் சாப்பாட்டில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன்.

"இருங்கோவன். நீங்கள் நடந்தால் கடிதமும் நடந்து வருமே?" என்றாள் மனைவி.

அடுத்த சனிக்கிழமை அவளே கரும்பலகைக்குப் போனாள். மேலே ஒரு கோடு இழுத்தாள், பிறகு சுண்ணக்கட்டியைக் கீழே இறக்கி வலப்பக்கம் திருப்பினாள்: ㄷ. கொரியப் பெண்மணி கை தட்டினார். நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"பிரதி வைச்சிருக்கிற ஐயா, மேசையின்ரை அந்த முனையைப் பிடியுங்கோ" என்றாள் மனைவி.

பிடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பிடித்தேன். வகுப்பு முடிய மேசைகளைத் திரும்ப வரிசையாக்கியதும் நானே.

பனி உருகத் தொடங்கியபோது அவள் டொக்டரிடம் போனாள். நான் வெளியில் இருத்தப்பட்டேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே அவள் குரல்தான் நீளமாகக் கேட்டது. ஒருமுறை டொக்டர் சிரித்தார். எதற்கென்று வழியெல்லாம் கேட்டேன்.

"அது எனக்கும் அவருக்கும்" என்றாள்.

வீடு திரும்பியபோது தபால்பெட்டியில் நிலையத்தின் பதில் கிடந்தது. அனுமதி இல்லை. கடிதத்தில் மார்ச் பதினெட்டாம் திகதி இட்டிருந்தது.