காற்று நாளில் மாப்பிள்ளை வீடு

மதுராந்தகத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் பேருந்திலேயே போய்வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். முட்டி கழன்றுபோகும், அவ்வளவுதான். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி செல்வியும் போய்வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. எங்கள் மகள் நித்யா, மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பையன் பெயர் சதீஷ், சொந்தப் படகு. சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று மூன்று மாதமாக எனக்குத் தூக்கமில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் ஒருமுறை போவோம். சொல்லிவிட்டுப் போனால் வடையும் கேசரியும்தான் தெரியும். சொல்லாமல் போனால்தான் வீடு தெரியும். படூரில் தங்கி வேலை பார்க்கும் நித்யாவிடம்கூட மூச்சு விடவில்லை. முதல் நாள் இரவு வானிலை பார்த்தேன். வடதமிழகக் கடலோரத்தில் பலத்த காற்று, லேசான மழை. நெல் போட்டவன் கண்ணுக்கு மழைதான் தெரியும். லேசான மழைதானே என்று குடையை எடுத்துக்கொண்டேன்.

காலை ஆறரைக்குச் செங்கல்பட்டு பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பழைய பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் மாமல்லபுரம் வண்டியைப் பிடித்தோம். இது முப்பது கிலோமீட்டர். நின்று நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆக்கினார்கள். தூறல் சன்னல் வழியாக வந்து என் ஒரு தோளை மட்டும் நனைத்தது. கண்ணாடியை இழுத்தால் வரவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கிக் குடையை விரித்தோம். ஒரே வீச்சில் அது மேலே மடங்கிக்கொண்டது. "இதத் தூக்கினு வந்ததுக்கு ஒரு சொம்புத் தண்ணி எட்த்துனு வந்திருக்கலாம்" என்றாள் செல்வி. குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். "சுத்திப் பாக்க வந்தீங்களா? நல்லா வந்தீங்க போ, இன்னிக்கு" என்று ஓட்டுநர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

சதீஷ் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடும் பூட்டு. தெருவே பூட்டு. எங்கள் ஊரில் மழை நாளென்றால் ஆள் வீட்டில் இருப்பான். அந்தக் கணக்கில் வந்தவன் நான். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண்தான் நின்று சொன்னார். "சதீசு வூடா? எல்லாம் கரைல கீறாங்க. சதீசும் கூட்டாளிங்களும் வலைய எடுக்க விடிகாலைல போனாங்க, காத்து முந்திக்கிச்சு. இன்னும் படகு வர்ல."

மணல் முகத்தில் அறைந்தது. கரையில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பெண்கள் கூட்டத்தின் முன்னால், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஒரு பெண் கடலையே பார்த்து நின்றாள். என் நித்யா.

"நீ எப்டிமா இங்க?" என்றேன். திட்டத்தான் நினைத்தேன்.

அவள் அதிரவுமில்லை. "காத்து அடிக்கும்னு நேத்தே நியூஸ்ல போட்டிருந்தான்ப்பா. ரூம்ல உக்கார முடியல" என்றவள், மறுபடி கடல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பக்கத்தில் நின்றவர் சதீஷின் அம்மா. "நாங்க கூப்புட்றது கெடையாதுண்ணே. காத்து வந்தா பொண்ணு அதுவா வந்துடும்" என்றார்.

"ஒவ்வொரு காத்துக்கும் இப்டித்தானாம்மா?"

"பொய் சொல்லி உங்க பொண்ண எடுக்க மாட்டேன். இப்டித்தான். எனக்கே இன்னும் பழகல."

பத்தே காலுக்குப் படகு தெரிந்தது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. செல்வி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. திடீரென்று ஒரு அலையின் முதுகிலேயே ஏறிப் படகு கரைக்கு வந்தது. எல்லோரும் கயிற்றுக்கு ஓடினார்கள். நானும் இழுத்தேன், செல்வியும் இழுத்தாள். சதீஷ் குதித்து இறங்கி, என்னைப் பார்த்துத் திகைத்து, "வணக்கம் சார்" என்றான். நித்யா கயிற்றை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதாள்.

டீ குடித்தோம். வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. ஆனால் நான் சுவர் எதையும் பார்க்கவில்லை. திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் செல்வி, "இன்னாங்க சொல்லப் போறீங்க?" என்றாள்.

"சொல்றதுக்கு இன்னா கீது? அவ போயி நின்னுட்டா."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே கிளம்புங்கள், மாலையில் செங்கல்பட்டு வண்டிகளில் நிற்கக்கூட இடமிருக்காது. குடை வேண்டாம், தலைக்குத் துண்டு போதும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். தை பிறந்தால் கடல் அடங்கிவிடும் என்று சதீஷின் அம்மா சொன்னார். நாங்களும் தையில்தான் போகிறோம், மூன்று வேன் பேசியிருக்கிறேன். திரும்பி வரும்போது ஒரு இருக்கை காலியாக இருக்கும்.